நூறு கிராம் மணல்

பி.எஸ்சி. நிலவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேருக்கு முதல் தடவையாக ப்ராஜெக்ட் கைடாக இருந்தேன். அந்த நான்கு மாதத்தில் நடந்ததை எழுதி வைக்கிறேன். புதிதாக கைடு ஆகிறவர்களுக்குப் பயன்படலாம்.

‘கடலூர் கடற்கரையில் காலநிலை மாற்றத்தின் தாக்கம்’ என்ற தலைப்போடு வந்தார்கள். வாரம் 16 மணி நேர வகுப்புக்கு நடுவில், கையில் காசில்லாமல், நான்கு மாதத்தில் முடிகிற காரியமா அது? வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. “சனிக்கிழமை காலையில தேவனாம்பட்டினம் வந்துடுங்க” என்றேன்.

ஜனவரி முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்தது. அலை ஏறும் இடத்துக்குச் சற்று மேலே கரித்தூள் தூவினாற்போல நீளநீளமாகக் கருப்பு. “கப்பல் எண்ணெயா மேடம்?” என்றான் ஒருவன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “கருமணல் தம்பி. வாடையில கடல் அடிச்சா இப்படித்தான் ஏறும்” என்றார். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னேன். குழியின் சுவரில் கருப்பும் வெளுப்பும் மாறி மாறிக் கோடுகள். சில கோடு நூல் கனம்தான் இருக்கும். மூவரில் ஒரே பெண் மண்டியிட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, “ஏன் மேடம் கலக்காம தனித்தனியா இருக்கு?” என்றாள்.

தலைப்பு கிடைத்துவிட்டது. தாழங்குடாவில் தென்பெண்ணை முகத்துவாரம் தொடங்கி தேவனாம்பட்டினம் வரை 12 இடத்தில் மணல், அவள் கேட்ட அந்த ஒரே ஒரு கேள்வி. பாதிப் பதில் எனக்குத் தெரியும். வெள்ளை மணலான குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65. கருப்பாகத் தெரியும் இல்மனைட் ஏறக்குறைய 4.7, மேக்னடைட் 5.2. திரும்பும் அலை கனமில்லாததை இழுத்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடும். இதை நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கைடு வேலையிலேயே கஷ்டமானது. வகுப்பில் பேசியே பழகிவிட்டோம்.

மணலைக் கழுவி, உலர்த்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கிளிஞ்சல் தூளைக் கரைத்து எடுத்தார்கள். பிறகு கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் சேர்ப்பது. 100 கிராம் வரும்வரை இப்படியே. அதை 35, 60, 120, 230 மெஷ் சல்லடைகளை (எண் கூடக் கூடக் கண்ணி சிறிதாகும்) மேலிருந்து கீழாக அடுக்கிய ஷேக்கரில் 20 நிமிடம் ஆட்டி, ஒவ்வொரு தட்டையும் எடை போட வேண்டும். கனிமம் பிரிக்கப் பொதுவாக ப்ரோமோஃபார்ம் திரவம் பயன்படுத்துவோம்; அதில் குவார்ட்ஸ் மிதக்கும், கனமானது மூழ்கும். அது நச்சு. எங்கள் ஆய்வகத்தில் புகை வெளியேற்றும் கூண்டு ஓடவில்லை என்பதால் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. காகிதம் சுற்றிய காந்தமும், தண்ணீரில் அரித்தெடுக்கும் தட்டும் போதும் என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அதையே செய்வேன்.

பிப்ரவரி கடைசியில் அட்டவணைகள் வந்தன. அழகான கையெழுத்து. பன்னிரண்டிலும் மொத்தம் 100.00.

மணலை எடை போட்டவர்களுக்குத் தெரியும், அப்படி வரவே வராது. தூள் பறக்கும், கண்ணியில் சிக்கும், பிரஷ்ஷில் ஒட்டும். “ரஃப் நோட்டைக் கொண்டு வாங்க” என்றேன். மூவரும் தரையைப் பார்த்தார்கள். நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலில் உண்மை இருந்தது: 98.7, 99.4, 97.9. “தப்பா செஞ்சுட்டோம்னு நினைச்சு சரி பண்ணிட்டோம் மேடம்” என்றாள் அந்தப் பெண். எனக்குக் கோபம் வரவில்லை, தொண்டை அடைத்தது. இரண்டு வருஷமாக ப்ராக்டிகலில் எதிர்பார்த்த விடை வந்தால் முழு மதிப்பெண், வராவிட்டால் குறைப்பு என்று போட்டது நான்தானே. இவர்கள் என்னிடம் கற்றதைத்தான் செய்திருந்தார்கள். அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

அப்புறம் நான்கு பேரும் உட்கார்ந்து ரஃப் நோட்டை வரி வரியாகப் பார்த்தோம். ஏழாவது மாதிரியில் 100.9. போட்டது 100 கிராம், வந்தது அதைவிட அதிகம்! கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவன் எழுந்துபோய் 120 மெஷ்ஷைக் கவிழ்த்து, அடியில் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தான். வெள்ளைத் தாளில் கருப்பும் சிவப்புமாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. முந்தைய மாதிரிகளின் மணல் கண்ணியில் தங்கி, அடுத்ததில் சேர்ந்திருக்கிறது. அதுவும் நாங்கள் தேடிய கனமணலே. 100.00 என்ற திரையை விலக்காமல் இருந்திருந்தால் அறிக்கையே பிழையாகியிருக்கும்.

மீதி வைத்திருந்த மணலில் பன்னிரண்டையும் முதலிலிருந்து சலித்தோம். இரண்டு வாரம் போயிற்று, ஞாயிறும் வந்தார்கள். கடைசியில் கிடைத்தது சின்ன விடைதான்: கருமணல் அதிகமும் 120-லும் அதற்கு அடியிலிருந்த நுண்ணிய தட்டுகளிலும் தங்குகிறது. 35-ல் தங்கியதில் கருப்பு அநேகமாக இல்லை. கனமான சின்னத் துகளும், கனமில்லாத பெரிய துகளும் ஒரே வேகத்தில் படிகின்றன என்று அவர்களே வந்து சொன்னார்கள். அட்டவணையில் ‘இழப்பு’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள்.

வைவாவில் வெளித்தேர்வாளர் அந்தப் பத்தியில் விரலை வைத்து, “ஏம்மா, நூறு வரலையே?” என்றார். நான் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய் 120 மெஷ் சல்லடையை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இவ்வளவு தேய்த்த பிறகும் கண்ணிகளில் கனமணலில் வரும் இன்னொரு கனிமமான கார்னெட்டின் நாலைந்து துகள்கள் சிவப்பாக நின்றன. “இங்க இருக்கு சார்” என்றாள்.