கெளுத்தியும் கௌதமும்: தமிழ்த் தளத்தின் எழுத்தைக் காப்பது

தமிழில் சொந்தமாகத் தொழில்நுட்பத் தளம் நடத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் எந்த ஹோஸ்டிங், எந்தத் தீம், கூகுளில் மேலே வர என்ன வழி என்பதோடு நின்றுவிடுகிறது. சர்வர் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு ஔகாரம் தப்பாக விழுந்தால் பத்து வருடம் கழித்தும் தெரியாது. கட்டுரை இருக்கும், தேடுகிறவர் கண்ணில் மட்டும் படாது. அதனால் இந்தப் பதிவு முழுக்க எழுத்தைப் பற்றியது.

'கௌதம்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சரியான வடிவத்தில் ககரமும் அதோடு ஔகாரக் குறியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அந்தக் குறிக்குப் பதின்ம எண் 3020. ஆனால் இணையத்தில் பலர் அடிப்பது 'கெ', அதன் பிறகு தனியாக ஒரு 'ள'. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு அது 'கெ-ள-தம்' என்று ஒலிக்கக்கூடும். மௌனம், பௌர்ணமி, கௌரவம், வௌவால் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சரி, 'ெ' குறியும் 'ள'வும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக ஔகாரமாக மாற்றிவிடலாமா? கூடாது. காசிமேட்டில் விற்கும் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். தெளிவு, வெளி, வெள்ளம் எல்லாம் சிதைந்துவிடும். மாற்றுவதற்கு ஒரு விதி தேவை. அந்த 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், தொடக் கூடாது. எதுவும் இல்லாமல் 'ள' வெறுமனே நின்றால்தான் சந்தேகம். அந்தச் சந்தேகத்தையும் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதுகிறவர்கள் 'வெளக்கு', 'வெளக்கமாறு' என்று எழுதுவார்கள், அவை சரியானவை. ஒரு தளம் முழுக்கத் தேடினாலும் பட்டியல் பெரும்பாலும் இருநூறு முந்நூறு வரிகளைத் தாண்டாது. ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. சொல்லின் முதலில் வரும் 'ஔ'வுக்கும் இதே சோதனை தேவை. 'ஔவை' பல இடங்களில் ஒகரமும் ளகரமுமாகக் கிடக்கிறாள்.

ஒகரக் குறியில் வேறு விதமான சிக்கல். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒரே குறியாக 3018 வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, 3014-உம் 3006-உமாக வரலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் உங்கள் தளத்தின் தேடல் பெட்டி பெரும்பாலும் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும், அதற்கு இவை சமம் இல்லை. இதற்கு மருந்து என்எஃப்சி என்ற இயல்பாக்கம், அதாவது சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்குவது. பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயல்கூறு ஒரே வரியில் செய்துவிடும். ஓகாரம், ஔகாரம் இரண்டின் பிரிந்த வடிவங்களையும் அது சேர்த்துவிடும். ஆனால் முன் சொன்ன ளகரத் தவற்றை அது தொடாது. யூனிகோடு ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனியாக 3031 என்ற குறியை வைத்திருக்கிறது. ளகரமோ 2995. இயல்பாக்கத்துக்கு ளகரம் வெறும் ளகரம்தான். இயல்பாக்கி ஆயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நம்பி ஏமாறும் இடம் இது.

கட்டுரைகளை மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக வைத்து, ஹியூகோ அல்லது ஜெக்கில் என்ற மென்பொருள் கொண்டு பக்கங்களாக்குகிறவர்களுக்கு இந்த வேலை எளிது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் கமிட் செய்யும் முன் ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, மூன்று காரியங்களை அதற்குக் கொடுத்துவிடலாம்: என்எஃப்சி ஆக்குவது, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் 65279 என்ற குறியை நீக்குவது, அகலமில்லா இடைவெளியான 8203-ஐ நீக்குவது. பழைய விண்டோஸ் நோட்பேட், யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது அந்த 65279-ஐத் தானாகவே வைத்துவிடும். ஜெக்கில் அதைப் பார்த்தால், தலைப்பும் தேதியும் இருக்கும் கட்டுரையின் தலைப்பகுதியைப் புரிந்துகொள்ளாமல் போகக்கூடும். எழுத்துகள் கூடாமல் தடுக்கும் 8204-ஐ மட்டும் உரைப்பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகாமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே அதை வைப்பார்கள். கட்டளைகள் இருக்கும் பெட்டிக்குள் அதற்கும் இடம் கிடையாது.

முகவரி விஷயத்துக்கு வருவோம். யுடிஎஃப்-8இல் வழக்கமான ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. முகவரியில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும், ஆகக் குறிக்கு 9 இடம். உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணினால் 'தமிழ்' என்ற சொல்லே 5 குறி, 45 இடம். தலைப்பிலிருந்து உருவாகும் முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். 'லினக்ஸ் கணினியில் வைஃபை வேலை செய்யவில்லையா' என்று தலைப்பு வைத்தால் 'வைஃபை' வரை 191 இடம் போய்விடும், மீதிச் சொற்கள் காணாமல் போகும். அடுத்த மாதம் 'லினக்ஸ் கணினியில் வைஃபை வேகம்' என்று எழுதினால் அதே முகவரி, பின்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் யாராவது பகிர்ந்தால் ஒரு முழத்துக்குச் சதவீதக் குறிகள் நீளும். எனவே தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரித் துண்டை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லுக்குள் கையால் கொடுங்கள். பழைய நீள முகவரிகளை மாற்றினால், அங்கே வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 திருப்பிவிடல் கட்டாயம். படக் கோப்புகளின் பெயரும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். பழைய மேக் கோப்பு முறை தமிழ்ப் பெயர்களைப் பிரிந்த வடிவத்தில் சேமிக்கும். கட்டுரையில் நீங்கள் எழுதியது சேர்ந்த வடிவம் என்றால், லினக்ஸ் சர்வருக்குப் போனதும் 'தொடுதிரை' என்ற படம் கிடைக்காது, 'இல்லை' என்று சொல்லும் 404தான் வரும்.

முகப்பில் வரும் சுருக்கத்தைக் கவனியுங்கள். பைட்டுக் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி வைத்த கறுப்பு வைரம் தெரியும். குறிக் கணக்கில் வெட்டினால் அது தெரியாது, அதனால் ஆபத்து கூடுதல். 'கோப்பு' என்ற சொல் மூன்றாவது குறியோடு வெட்டுப்பட்டால் 'கோப' என்று நிற்கும். பிஎச்பியில் கிராஃபீம் வகைச் செயல்கூறுகளும் ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல்.செக்மென்டரும் எழுத்தாகப் பார்த்து எண்ணும். ஆனால் சுருக்கத்துக்குச் சொல் இடைவெளியில் வெட்டுவதே நல்லது என்பது என் எண்ணம்.

பழைய வேர்ட்பிரஸ் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது வரும் கோளாறு ஒன்று எல்லாரையும் பதற வைக்கும். தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இப்படியே பக்கம் பக்கமாக. வழக்கமான தமிழ்க் குறிகளின் முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கமான லத்தீன்-1 என்று நினைத்துப் படித்தால் 174தான் அந்த வட்டத்து ஆர். தரவு அழியவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவே. இந்த நிலையில் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் எந்தக் கட்டுரையையும் திறந்து சேமிக்காதீர்கள். சேமித்தால் தவறு நிரந்தரமாகிவிடும். பழைய தரவுத்தளத்தை லத்தீன்-1 என்றே அறிவித்து டம்ப், அதாவது முழு நகல் கோப்பு, எடுங்கள். டம்ப் கோப்பில் இருக்கும் எழுத்துமுறைப் பெயரை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, அதே பெயரைச் சொல்லி உள்ளே ஏற்றுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' 3 பைட்டு வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், இமோஜிக்குப் போதாது. கண்டிப்பு முறை அணைந்திருந்தால் இமோஜி வந்த இடத்தோடு கட்டுரையை வெட்டிவிடும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி (320-இல் ஒன்று) போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளும் 4 பைட்டுதான்.

இதைவிடப் பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் அரசின் தரமாயின. அதே காலத்தில் டிஸ்கி, பாமினி, வானவில் எல்லாம் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. 2010இல் யூனிகோடும் டேஸ்16 என்ற குறியாக்கமும் அரசின் தரமாயின. அந்தக் காலத்து எச்டிஎம்எல் கோப்பைத் திறந்து எழுத்துருப் பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் எந்தக் குறியாக்கம் என்று தெரிந்துவிடும். தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பாமினியில் தனியாக ஒரு தொல்லை உண்டு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. மாற்றியில் முழுக் கோப்பையும் போட்டால் நடுவே இருக்கும் ஆங்கிலக் கட்டளைகளும் பொருளில்லாத தமிழாக மாறி வெளியே வரும். ஆகவே எழுத்துருக் குறிச்சொல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் பிரித்து மாற்றுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முன்னால் வைத்தன, யூனிகோடு மெய்க்குப் பின்னால் வைக்கிறது. மாற்றிய பின் 3006 முதல் 3021 வரை உள்ள குறி எதுவும் இடைவெளியை அடுத்து வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அங்கே ஒரு கொம்போ காலோ அநாதையாக நிற்கிறது.

எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எதுவானாலும் வலைக்கான வோஃப்2 கோப்பு வடிவில் உங்கள் சர்வரிலேயே வையுங்கள். யூனிகோடு எல்லையைத் தமிழுக்கு மட்டும் குறுக்குங்கள், ரூபாய்க் குறியைச் சேர்க்க மறக்காதீர்கள். எழுத்துரு வரும் முன்பே உரை தெரியும்படி 'ஸ்வாப்' அமைப்பைப் போடுங்கள். கடற்கரை – தாம்பரம் ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது படிப்பவர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வரி உயரத்தை 1.6-க்குக் குறைக்காதீர்கள், மிகவும் நெருக்கினால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். இருபுறமும் சீராக்கும் அமைப்பு வேண்டாம், நம் சொற்கள் நீளமானவை, செல்பேசியில் ஆறு போல் இடைவெளி ஓடும். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை. உலாவியே எழுத்தைத் தள்ளிச் சாய்த்துப் போலியாக ஒன்று செய்யும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் போலி வடிவங்களைத் தடை செய்துவிட்டு, அழுத்தம் தேவைப்படும் இடத்துக்கு 600 அல்லது 700 எடையுள்ள கோப்பை ஏற்றுங்கள்.

கட்டளைப் பெட்டிதான் தொழில்நுட்பத் தளத்தின் உயிர். வாசகர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார். வேர்ட் கோப்பிலிருந்து கொண்டுவந்தால் நேர் மேற்கோள் வளைந்துவிடும், இரட்டைக் கோடு ஒற்றை நீளக் கோடாகிவிடும், சாதாரண இடைவெளி இருந்த இடத்தில் 160 என்ற உடையாத இடைவெளி உட்கார்ந்திருக்கும். கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு இவை எதுவும் புரியாது, பல நேரம் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று சொல்லும். புதிதாகக் கற்கும் பிள்ளை தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். வெளியிட்ட பிறகு உங்கள் பக்கத்திலிருந்தே நகலெடுத்து, வெற்று முனையத்தில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். கட்டுரையின் தலையில் எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் சோதித்தது என்று எழுதுங்கள். பிறகு செல்லாமல் போன கட்டளையை நீக்காமல், இது இன்ன பதிப்பு வரைதான் செல்லும் என்று மேலே ஒரு வரி சேருங்கள். பழைய கணினியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தப் பழைய கட்டளைதான் வேண்டும்.

டொமைன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். 2021 அக்டோபர் 1 முதல், அட்டையில் தொடர்ந்து எடுக்கப்படும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி முன் ஒப்புதல் பதிவு தேவை. அதைப் பின்பற்றாத வெளிநாட்டுப் பதிவாளர் கேட்கும் பணத்தை வங்கி மறுத்துவிடும், உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தால் உண்டு. அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருந்தால் அதுவும் வராது. தொடர்பு முகவரி வேறு டொமைனில் இருக்க வேண்டும். முடிந்தால் 5 வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுங்கள்.

இனி நகல். 1,500 சொல் கட்டுரை ஒன்று சுமார் 36 கேபி. 500 கட்டுரை சேர்ந்தால் 18 எம்பி. இதைக் காப்பாற்றப் பணம் ஒரு தடை இல்லை. சென்னை ரிட்சி தெருவில் பென்டிரைவ் வாங்கினால் எஃப்3 போன்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். சில போலிகளில் 256 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 16 இருக்கும். அந்தப் போலிகள் நிரம்பும் வரை பிழையே காட்டாது. ஒரு நகலாவது சென்னைக்கு வெளியே இருக்கட்டும், மதுரையிலோ கோவையிலோ உறவினர் வீட்டில், இல்லாவிட்டால் வேறு ஊர் சர்வரில். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரிப் பக்கம் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. மேசைக்கு அடியில் இருந்த கணினியும், பக்கத்து இழுப்பறையில் இருந்த நகலும் ஒன்றாக நனைந்தால் இரண்டு நகல் வைத்ததில் பயனில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு கணினியில், அந்த வெளியூர் நகலை மட்டும் வைத்துத் தளத்தை முதலிலிருந்து கட்டிப் பாருங்கள். பக்க எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு தேடல் பெட்டியில் 'மௌனம்' என்று ஒரு தரம், 'தொடுதிரை' என்று ஒரு தரம், 'கெளுத்தி' என்று ஒரு தரம் அடித்துப் பாருங்கள்.