காங்கோ இருக்கட்டும், ஈ-ரிக்‌ஷா சீட்டைத் தூக்கிப் பாருங்க

எலக்ட்ரிக் வண்டின்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்க நேரா காங்கோவுக்குப் போயிடுறாங்க. பேட்டரிக்குள்ள போடுற கோபால்ட்ங்குற உலோகம், உலகத்துல எடுக்குறதுல கிட்டத்தட்ட 70 சதவீதம் அந்த ஆப்பிரிக்க நாட்டுலருந்துதான் வருது, சின்னப் பசங்களும் சுரங்கத்துல வேலை செய்றாங்க, நிஜம்தான். ஆனா டெல்லி மெட்ரோ வாசல்ல ஈ மொய்க்கிற மாதிரி நிக்குற ஈ-ரிக்‌ஷா சீட்டுக்கு அடியில நிறைய வண்டியில இருக்குறது கோபால்ட் இல்லைங்க, நாலு 12 வோல்ட் ஈய பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்குற அதே ஜாதி, எடையில பாதிக்கு மேல ஈயம். தினமும் முழுசா வடிச்சு ராத்திரியெல்லாம் சார்ஜ் போட்டா சீக்கிரமே செத்துடும்.

எங்க தெரு ரிக்‌ஷாக்காரர்கிட்ட பழச எங்க பய்யா போடுவீங்கன்னு கேட்டேன், யாரு அதிக ரேட் தர்றாங்களோ அங்கன்னு சிரிச்சாரு. அவரை என்ன சொல்ல? லைசென்ஸ் இல்லாத பட்டறைக்குப் போச்சுன்னா உடைச்சு, ஆசிட்டை சாக்கடையில ஊத்திட்டு, தகட்டை அப்படியே உருக்குவாங்க, அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைங்க உடம்புலதான் ஏறும். உலகத்துல மூணுல ஒரு குழந்தை ரத்தத்துல டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ ஈயம் இருக்குன்னு யுனிசெஃப் 2020லயே சொல்லிடுச்சு, மூளையைத்தான் மொதல்ல அடிக்கும். 2022ல பேட்டரி கழிவு விதியெல்லாம் வந்துச்சு, கம்பெனியே திரும்ப எடுக்கணும்னு, பேப்பர்ல சூப்பரா இருக்கு.

ஈய பேட்டரிக்குப் பதிலா லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னு இன்னொரு வகை பேட்டரி போட்டா ஈயமும் இல்ல கோபால்ட்டும் இல்ல, ரொம்ப நாள் உழைக்கும், ஆனா எடுத்தவுடனே விலை ஜாஸ்தி, கடன்ல வண்டி ஓட்டுறவரு எங்க போவாரு, மானியத்தை மொதல்ல இங்க குடுங்கப்பா, கார் வாங்குறவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.