ஈரக்காற்றில் ஓலைச்சுவடிக் கண்காட்சி: வைத்து எடுத்த அனுபவம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் அரிய சுவடிப் பிரிவில் இந்த முறை ஏழு ஓலைச்சுவடிகளையும் நான்கு பழைய அச்சு நூல்களையும் பத்து வாரம் பார்வைக்கு வைத்தோம். காவிரி டெல்டாவில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று செய்ததையும் சொதப்பியதையும் எழுதி வைக்கிறோம். எந்தச் சுவடியைக் காட்டுவது என்று முடிவு செய்ய இரண்டு நாள் போதும். காற்றிலுள்ள ஈரத்தோடு மல்லுக்கட்டத்தான் இரண்டு மாதம் ஆகும்.

முதலில் தேதி. சரஸ்வதி பூஜையன்று திறக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நாளுக்குப் பொருத்தம்தான், ஆனால் சுவடிக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மார்கழிப் பனி முடியும்வரை அறைக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதே அரிது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். ஆகவே பொங்கல் கழித்துத் திறந்து, சித்திரை வெயில் உச்சிக்கு ஏறுமுன் இறக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் ஆயத்த வேலை கார்த்திகையிலேயே தொடங்க வேண்டும்.

ஏழில் இரண்டு, ஒரு வீட்டுப் பரணிலிருந்து அண்மையில் நன்கொடையாக வந்தவை. புதிதாக வந்த சுவடிக்கட்டை நேரே சுவடி அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. தனி அறையில், வெள்ளைத்தாள் விரித்த மேசைமேல் 21 நாள் கிடக்கட்டும். முதல் நாள் கட்டை மெதுவாகத் தட்டி, உதிரும் பழைய துகளைத் துடைத்துவிட்டு, புதுத்தாள் விரியுங்கள். வாரம் கழித்து அந்தத் தாளில் அரிசிமாவு போலப் புதுத்தூள் சிறு குவியலாக இருந்தால், உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. எங்களுக்கு ஒரு கட்டில் அப்படித்தான் தெரிந்தது. தூள் ஓலையிலிருந்து வரவில்லை, கட்டின் மேல் வைக்கும் மரச்சட்டத்திலிருந்து வந்தது. சட்டத்தை மட்டும் மாற்றினோம். பழைய சட்டம் என்று பாசம் பார்த்து அதையே திரும்பக் கட்டியிருந்தால் அலமாரி முழுக்கப் பரவியிருக்கும்.

சுத்தம் செய்ய மென்மயிர்த் தூரிகை, பஞ்சு, புல் தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்), இவ்வளவுதான். முதலில் உலர்தூசு. தூரிகை ஓலையின் நரம்போட்டத்திலேயே, நீளவாக்கில் போக வேண்டும்; குறுக்கே இழுத்தால் ஓரம் பிளக்கும். எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மட்டும், பஞ்சில் தொட்டும் தொடாமலும் தைலம் எடுத்து ஒரு முறை தடவி, உடனே உலர்பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஓலை பளபளக்கிறதே என்று இன்னொரு தரம் தடவுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. மிஞ்சிய எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பிறகு ஓலைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். மையால் மேலெழுதிய ஓலை, வண்ணப் படம் தீட்டிய ஓலை இரண்டின் பக்கமும் தைலமோ சாராயமோ போகவே கூடாது.

மங்கிய எழுத்துக்கு மறுபடி மையாட, அதாவது கீறலில் கரி தடவிக் கறுப்பாக்க, வேண்டுமா என்ற பேச்சு எப்போதும் வரும். நாங்கள் மையாடவில்லை. படிப்பதற்கோ மின்படம் எடுப்பதற்கோ என்றால் விளக்குக்கரி தடவுவதில் நியாயம் உண்டு. காட்சிக்காக மட்டும் செய்வது வீண். அதற்குப் பதில் ஒரு சின்ன விளக்கை ஓலையின் இடப்பக்கம் தாழ்வாக, கிட்டத்தட்ட படுக்கைவசத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது வெறும் ஓலையாகத் தெரிந்தது, கீறலின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் விழ, வரிவரியாக எழும்பி நிற்கும்.

ஏடுகளை வரிசைப்படுத்துவதில் தடுக்கி விழுந்தோம். ஏட்டெண் இடது ஓரத்தில் இருக்கும், தமிழ் எண்ணில். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. உதவிக்கு வந்த மாணவர்கள் இரண்டையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ௧, ௨, ௭, ௮ எல்லாம் க, உ, எ, அ போலவே இருக்கின்றன, ௰ யகரம் போல இருக்கிறது. பாட்டின் தொடர்ச்சியை வைத்துத்தான் பிழை பிடிபட்டது. இப்போது பிரிப்பதற்கு முன்பே ஒவ்வோர் ஏட்டையும் இருந்த வரிசையிலேயே படம் எடுத்துக்கொள்கிறோம்.

காலம் குறிப்பதும் அப்படிப்பட்ட கண்ணிதான். சுவடியின் கடைசியில் ‘விரோதி வருஷம் ஆடி மாதம்’ என்று மட்டும் இருந்தால், அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்புவதால், அது 1769, 1829, 1889 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சக ஆண்டு (சாலிவாகன சகாப்தம்) சேர்ந்திருந்தால் 78 கூட்டிக் கண்டுபிடிக்கலாம். கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்கலாம். எதுவும் இல்லையென்றால் குறிப்பட்டையில் ‘விரோதி’ என்று மட்டும் போடுங்கள். பார்வையாளர் கேட்கிறார் என்பதற்காக ‘சுமார் 300 ஆண்டுப் பழமை’ என்று எழுதிவிட்டால், அடுத்த வாரமே அது செய்தித்தாளில் வந்து உண்மையாகிவிடும்.

இனிக் காட்சிப் பெட்டி. எங்களுடையது 120 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம், உள்ளளவு 0.18 கன மீட்டர். கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) என்ற பழைய கணக்குப்படி 3.6 கிலோ. அதைக் கடையிலிருந்து வந்தபடியே வைத்தால் பெட்டி வறண்டு, ஓலை மொறுமொறுத்து, நுனி சுருண்டுவிடும். நமக்குத் தேவை 50–55 விழுக்காட்டில் நிற்கும் காற்று. ஆகவே ஜெல்லை முன்கூட்டியே அந்த ஈரத்துக்குப் பழக்க வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், மெக்னீசியம் நைட்ரேட் உப்பைத் தண்ணீரில் கரையாத அளவுக்குப் போட்டுக் குழம்பாக ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் வலைத்தட்டில் ஜெல்லைப் பரப்பினோம். அந்தக் குழம்பு 25 டிகிரியில் ஏறத்தாழ 53 விழுக்காட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். நாளுக்கு ஒரு கிளறல், வாரத்துக்கு இருமுறை எடை. எடை ஏறுவது நின்றால் ஜெல் பழகிவிட்டது என்று பொருள். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஜெல் தன் எடையில் கால் பங்குக்குமேல் தண்ணீர் குடிக்கும் என்பதை மறந்துவிட்டோம். நடுவில் உப்பு காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. தட்டில் அவ்வப்போது தண்ணீர் சேர்க்க வேண்டும். நேரம் மிச்சம் என்று ஜெல்லின் மேலேயே தண்ணீர் தெளித்தால் மணி மணியாக வெடித்துத் தூளாகும்.

ஈரமானியையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சமையல் உப்பைச் சிறிது தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு மூடியில் எடுத்து, ஈரமானியோடு சேர்த்து இறுக மூடிய டப்பாவில் 12 மணிநேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். எங்களிடமிருந்த நான்கில் ஒன்று 67 காட்டியது. அதன் முதுகில் ‘+8’ என்று ஒட்டி வைத்திருக்கிறோம்.

குளிர்சாதனம் விஷயத்தில் எங்கள் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. காலையில் போட்டு மாலை ஐந்து மணிக்கு அணைக்கிற குளிர்சாதனம் இல்லாமலிருப்பதே நல்லது. அணைத்த பிறகு, குளிர்ந்து கிடக்கும் கண்ணாடிமேல் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டு முத்துமுத்தாக வேர்க்கும்; ஓலையும் தினம் ஒரு தரம் சுருங்கி விரியும். இரவும் ஓட்ட முடியாதென்றால் மின்விசிறி போதும். நாங்கள் விசிறியோடுதான் ஓட்டினோம். பெட்டிக்குள் ஈரப்பதம் பத்து வாரமும் 51-க்கும் 58-க்கும் இடையிலேயே நின்றது.

வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு), அதற்குமேல் வேண்டாம். கைப்பேசிச் செயலியால் அளந்தால் ஆளுக்கொரு கணக்கு வரும், ஒரு லக்ஸ்மானி வாங்கிவிடுங்கள். எல்.இ.டி. பட்டையின் மின்மாற்றி பெட்டிக்கு வெளியே இருக்கட்டும், சூடு அதிலிருந்துதான் வருகிறது. புது ஒட்டுப்பலகையும் அன்றைக்கு அடித்த பெயின்டும் வாசம் போகும்வரை ஆகாது.

சுவடியைத் திறந்து வைக்க முதலில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இறுக்கமாக இருக்கும்போதே ஏட்டைத் தூக்கினால் துளையின் விளிம்பு கிழியும். பழைய சுவடிகளில் பாதிச் சேதம் அங்கேதான். இற்றுப்போன கயிற்றை எடுத்து உறையில் போட்டு எண் எழுதி வைத்துவிட்டு, சாயமில்லாத பருத்திக் கயிறு கோத்தோம். ஏட்டுக்கு முழு நீளத்துக்கும் தாங்கு அட்டை வேண்டும், 40 செ.மீ. ஓலை இரண்டு முனையில் மட்டும் நின்றால் ஒரே வாரத்தில் நடுவில் தொய்யும். செல்லோ டேப், ரப்பர் வளையம், குண்டூசி எதுவும் கிட்டே வரக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை வேறு ஏட்டுக்கு மாற்றினோம்.

விளக்கப் பலகைக்கு உள்ளூரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் இறங்கியது, 1713-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்து வந்தது, 1715-இல் புதிய ஏற்பாடு அச்சேறியது ஆகியவை ஒரு பலகையில். உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் இருந்ததும், அங்கிருந்தபடியே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் இன்னொன்றில். அதன் கீழே மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாத, எகர ஏகார வேறுபாடில்லாத ஒரு சுவடி வரியைப் பெரிதாக்கி வைத்தோம். பலர் நின்று படித்துப் பார்த்தது அதைத்தான்.

இறக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். ஏற்றிய நாளில் எடுத்த படத்தோடு ஒவ்வோர் ஏட்டையும் ஒப்பிட்டு, எண்ணி, கையெழுத்துப் போட்ட பிறகே கட்ட வேண்டும். ஒரு மருத்துவச் சுவடியில் 112 ஏடு இருக்க வேண்டியதற்கு 111 வந்தது. மேசையடியிலும் பெட்டிக்கடியிலும் தேடிவிட்டு மறுபடி எண்ணியபோது, தைலம் மிஞ்சிய இரண்டு ஏடுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரிக்கவில்லை. நிழலில் விசிறிக்காற்றில் ஒரு பகல் விட்டு, மெல்லிய மூங்கில் சீவலை ஓரத்தில் நுழைத்து நகர்த்தியதும் தானே விட்டுக்கொடுத்தது. சிவப்புத் துணியில் சுற்றி, புது வசம்புப் பொட்டலம் ஒன்றைத் துணிக்கு வெளியே வைத்து, அலமாரியில் சேர்த்தோம்.