கிராணியார் வீட்டு எக்ஸ்டி

கோலாலம்பூர் சென்ட்ரலில் காலை ரயில் ஏறியபோது என் முதுகுப்பையில் மாற்றுத் துணிகூட இல்லை. ஒரு மல்ட்டிமீட்டரும் சில திருப்புளிகளும் ஒரு பழைய கார் விளக்கும்தான் இருந்தன. சுங்கை சிப்புட்டில் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவர், தம் வீட்டு ஸ்டோர் அறையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று கிடப்பதாகவும், பழைய இரும்பு வாங்குபவர் இருமுறை வந்து கேட்டுவிட்டதாகவும் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் மூன்றாம் முறை வருவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரை, மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராயிருந்த துன் சம்பந்தனின் ஊர் என்பார்கள். அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது என்று வரலாறு படித்தவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். என்னைப் போன்ற பழம்பொருள் பொறுக்கிகளுக்கோ (இச்சொல்லை நல்ல பொருளிலேயே கொள்க) அது எதையும் தூக்கியெறியாத ஊர். தலைநகரத்தில், அந்நாளில் கணினிக் கடைகள் நிறைந்திருந்த இம்பி பிளாசாவில் ஆசையாக வாங்கிய கணினியை அடுத்தது வந்ததும் கைமாற்றிவிட்டார்கள். தோட்டப்புறத்தில் அலுவலகம் கழித்துவிட்ட பொருள் கிராணி வீட்டுக்கு வந்து, போர்வை போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிடும்.

ரயில் ஜன்னலுக்கு வெளியே, ஒருகாலத்தில் ரப்பர் நின்ற மேடுகளிலெல்லாம் செம்பனை நின்றது.

தோட்டத்துக் குவார்ட்டர்ஸை விட்டு வந்தபின் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய சிறிய வீடு அது. தேநீரைக் குடித்து முடிக்கும்வரை கிராணியார் அந்த அறைக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே, ஒரு பழைய கைலியின் கீழ், 1980களின் மேசைக் கணினியான ஐபிஎம் பிசி எக்ஸ்டியைப் பார்த்து வேறொரு நிறுவனம் செய்த நகல் ஒன்று இருந்தது: 8088 செயலி, 640 கிலோபைட் நினைவகம், 360 கிலோபைட் நெகிழ்வட்டு இயக்கி, 20 மெகாபைட் கொள்ளளவுள்ள சீகேட் எஸ்டி-225 வன்தட்டு, பச்சை எழுத்துத் திரை. மூடியைக் கழற்றியபோது மின்வழங்கியின் விசிறிக்கருகில் இரண்டு பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. குஞ்சுகள் எப்போதோ வெளியேறியிருந்தன.

நான் முதலில் தேடியது பச்சைக் கறையை. ஆறு ஆண்டுகள் என் அலமாரியிலேயே மறந்து வைத்திருந்த ஒரு 386 கணினியின் தாய்ப்பலகையை, அதில் பற்றவைத்திருந்த பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் மின்கலம் கசிந்து தின்றுவிட்டது. கசிந்த காரம் செம்புக் கோடுகள் வழியாக ஊர்ந்து பக்கத்துச் சில்லுகளின் கால்களையும் அரித்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்தும் பயனில்லை. வாங்கி வந்த அன்றே அந்த மின்கலத்தை வெட்டி எடுக்காதது என் சோம்பேறித்தனம்தான். எக்ஸ்டியின் தாய்ப்பலகையில் கடிகாரமும் இல்லை, அதற்கான மின்கலமும் இல்லை. அந்த ஏழ்மையே இதைக் காப்பாற்றியிருந்தது.

வன்தட்டைப் பற்றித்தான் எனக்கு அச்சம். எஸ்டி-225, தகவலைப் படித்தெழுதும் தன் தலைகளைத் தானாக ஒதுக்கி வைத்துக்கொள்ளாது. அப்படியே நிறுத்தி இடம் மாற்றினால், தகவல் எழுதிய பரப்பின் மேல் தலைகள் இடித்துக் கீறிவிடும். அதற்காகவே, நிறுத்துவதற்கு முன் தலைகளைத் தகவல் இல்லாத உட்பகுதிக்கு நகர்த்தும் பார்க் என்ற சிறு நிரல் இருந்தது. எத்தனையோ பேர் அதைச் சட்டை செய்ததே இல்லை.

"பார்க் பண்ணாம ஒருநாளும் நான் சுவிட்ச் அடைச்சதில்ல தம்பி" என்றார் கிராணியார், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல.

சுமையில்லாமல் ஓடவிட்டால் இவ்வகை மின்வழங்கிகள் சில நின்றுவிடும் என்பதால், கார் விளக்கைச் சுமையாக மாட்டி 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் அளந்து பார்த்தபின்தான் மற்றவற்றை இணைத்தேன். தட்டு முனகிக்கொண்டே வேகம் பிடித்தது. கிரீச் கிரீச்சென்று தலைகள் அடியெடுத்து நகர்ந்தன. திரை நாள் கேட்டது. கடிகாரமில்லாத இயந்திரமாதலால் அதற்கு அன்று 1980 ஜனவரி 1. கிராணியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரலில் அவர் திறந்தது ஒரு மாதத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவேடு. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள், எதிரே பெரட்டுக்கு (காலை வருகைக் கணக்கெடுப்புக்கு) வந்த நாள்கள், கடைசியில் வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கு. விரலைத் திரைமேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கியவர் ஓரிடத்தில் நின்றார்.

"இந்த அம்மாவுக்கு அரை நாள் குறைச்சுப் போட்டுட்டேன். அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்தாச்சு. இதுலதான் திருத்தல."

"இப்போது திருத்திவிடலாமா ஐயா?" என்றேன்.

சற்று யோசித்தார். "வேணாம். புத்தகத்துல திருத்தியிருக்கு. இது அப்படியே இருக்கட்டும்."

விலை பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பெட்டியை ரயிலில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதே அவர் போட்ட ஒரே நிபந்தனை. கம்பிகளைக் கழற்ற நான் கையை நீட்டியபோது, பொறு என்று சைகை காட்டினார். லோட்டஸை மூடி, நான்கு எழுத்துகளை ஒற்றை விரலால் தட்டி, கடைசியாக ஒருமுறை தலைகள் நகரும் ஓசை கேட்கும்வரை காத்திருந்து, பிறகு தாமே சுவிட்சை அடைத்தார்.