ஸ்டோர் நோட்டில் இருந்த சின்ன வட்டம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் மட்டும்தான் எங்களிடம் நடக்கும். நிட்டிங், டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்குவது) எல்லாம் வெளியே கூலிக்குக் கொடுக்கிற ஜாப் ஒர்க். நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற இரண்டு தடவை முயற்சி செய்தோம், முதல் தடவை மொத்தமாகத் தோற்றோம். இப்போது இதே வேலையில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், எங்கே சறுக்கினோம், எப்படிக் கரையேறினோம் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் முயற்சி 2019 ஏப்ரல். ஒரு பெரிய ஈஆர்பி சாஃப்ட்வேர் பேக்கேஜ் வாங்கினோம். நூல் வாங்குவதிலிருந்து ஷிப்மெண்ட் வரை எல்லாம் அதில் இருந்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினோம், அதுதான் முதல் தப்பு. இரண்டு நாள் பயிற்சி, அதுவும் ஆங்கிலத் திரையை வைத்துக்கொண்டு. ஸ்டோரில் ஒருவர் நூலை "30ஸ் கோம்டு" என்று ஏற்றினார், பர்ச்சேஸில் "30 சிசி" என்று ஏற்றினார்கள், மூன்றாவது ஆள் எழுத்துப் பிழையோடு இன்னொரு பெயர் கொடுத்தார். ஒரே நூலுக்கு மூன்று பெயர். மூன்றாவது வாரத்தில் குடோனில் நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்க, ஸ்டாக் மைனஸில் காட்டியது. அந்த எண்ணை யார் நம்புவார்கள்? எல்லோரும் பழையபடி நோட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் நோட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பையனைப் போட்டோம், அவனும் ஜூனில் நின்றுவிட்டான். அடுத்த வருடம் கொரோனா, அதோடு அந்த பேக்கேஜை யாரும் திறக்கவில்லை.

மறுபடி தொடங்க வைத்தது இ-இன்வாய்ஸ், அதாவது ஒவ்வொரு பில்லையும் அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவு செய்கிற முறை. 2020 அக்டோபரில் 500 கோடி டர்ன்ஓவர் கம்பெனிகளுக்கு வந்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் போன எல்லோருக்கும் கட்டாயமானது, அதில் நாங்களும் இருந்தோம். அதுவரை எங்கள் பழக்கம், வண்டியை அனுப்பிவிட்டு பில்லை அப்புறம் சரி செய்வது. இனி அது நடக்காது. பில் போர்ட்டலில் பதிவாகி, 64 எழுத்து எண்ணும் க்யூஆர் கோடும் வந்தால்தான் அது பில். தப்பு இருந்தால் திருத்த வழியில்லை, 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்து புதிதாகப் போட வேண்டும். பார்ட்டியின் பின்கோடு ஒரு மாநிலம், மாநிலக் குறியீடு இன்னொன்று என்று இருந்தால் எடுக்காது. ஜூலை முழுக்க பார்ட்டி விவரங்களை ஒவ்வொன்றாக போன் போட்டுச் சரி பார்த்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் 2019-ல் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சூட்டோடு முதலாளி அண்ணனிடம் கேட்டேன், "அண்ணா, இந்தத் தடவை எதையும் வாங்க வேண்டாம்ங்க, ரெண்டு வாரம் என்னை ஸ்டோரில் உட்கார விடுங்க." சரி என்றார். எங்கள் கம்பெனியில் பணம் அதிகம் கசிகிற இடம் டையிங்கிற்குப் போய் வரும் துணி, அதை மட்டும் முதலில் பிடிக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஸ்டோர் அண்ணனுக்கு இந்தத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். கிரே துணி (சாயம் போடாத துணி) எத்தனை ரோல், எத்தனை கிலோ போனது, சாயம் போட்டு எத்தனை கிலோ திரும்பியது என்று டெலிவரி சலான் நம்பரோடு எழுதி வைத்திருப்பார். அதில் சில எடைகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருந்தது. என்ன அண்ணா இது என்று கேட்டால், "அது ஈரம் கண்ணு, துணி நல்லா காயாமயே வந்திருச்சு, எடை ஏறித்தான் காட்டும், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போடணும்" என்றார். நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துணியில் எவ்வளவு கழிவு போனது என்ற கணக்கே அந்த வட்டத்தில்தான் நிற்கிறது. வெள்ளைக்கும் அடர் நிறத்துக்கும் ஒரே கழிவு வராது, துணியை வழவழப்பாக்குகிற பயோ வாஷ் போட்டால் இன்னும் கூடும், அதெல்லாம் அவருக்கு மனப்பாடம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பேக்கேஜில் இந்த வட்டத்தைப் போட ஒரு கட்டம் இல்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

தெரிந்த பையன் ஒருவனை வைத்து போனில் ஒரு சின்னத் திரை செய்தோம். எல்லாம் தமிழில். லாட் நம்பர் (ஒன்றாகச் சாயத்துக்குப் போகிற துணித் தொகுதியின் எண்), கலர், ரோல், கிலோ, கடைசியில் "ஈரம்" என்று ஒரு டிக். பார்கோடு ஒட்டலாம் என்றான் பையன், சாயத் தொட்டிக்குள் போய் வந்தால் ஸ்டிக்கர் எங்கே இருக்கும்? அதனால் போகும்போது ரோல் முனையில் மார்க்கரால் லாட் எழுதுவது, பார்கோடு திரும்பி வந்த பிறகுதான். மூன்று மாதம் நோட்டும் போனும் சேர்ந்தே ஓடின. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை நோட்டு சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டோம். இந்த ஒரு விதிதான் ஸ்டோர் அண்ணனை எங்கள் பக்கம் கொண்டுவந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு டையிங்கோடு மட்டும் கணக்கு விடாமல் இடித்தது. அவர்கள் மேல்தான் சந்தேகம், கடைசியில் பார்த்தால் எங்கள் தராசுதான் தப்பாகக் காட்டியிருக்கிறது. சரி செய்து முத்திரை வாங்கினோம், நேரில் போய் அவர்களிடம் மன்னிப்பும் கேட்டோம்.

அடுத்தது ஸ்டிச்சிங். இங்கே சிக்கல் முழுக்க பயம். வெட்டிய துணிக் கட்டுகளை பண்டில் பண்டிலாக ஸ்கேன் செய்யப் போகிறோம் என்றதும், வேகத்தைப் பார்த்து பீஸ் ரேட்டைக் குறைப்பார்கள் என்று லைனில் பேச்சு ஓடியது. நியாயமான பயம், வேறு இடங்களில் பட்டவர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை சம்பளத்தன்று முதலாளி எல்லோர் முன்னாலும் நின்று, இதை வைத்து ரேட்டில் கை வைக்க மாட்டேன் என்று சொன்னார், அதை எழுதி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். சம்பளச் சீட்டில் எந்த பண்டில், எத்தனை பீஸ், என்ன ரேட் என்று தமிழில் வந்தது. இரண்டாவது வாரமே ஓவர்லாக் அக்கா ஒருவர் சீட்டோடு வந்தார், இரண்டு பண்டில் விடுபட்டிருந்தது. ஆல்டருக்கு, அதாவது தையல் பழுதைத் திருத்தத் திரும்பிப் போன பீஸ்களைத் திரும்ப ஸ்கேன் செய்ய வழி வைக்கவில்லை, அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அன்றைக்கே பணத்தைக் கொடுத்தோம், அடுத்த வாரம் திரையை மாற்றினோம். அதற்கப்புறம் லைனில் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

பெரிய விஷயங்களில் கவனம் இருக்கும்போது சின்னது ஒன்று காலை வாரியது. 2025 பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் நுழைய ஓடிபியும் போட வேண்டும் என்று வந்தது. எங்கள் லாகினில் பல வருடமாக இருந்தது ஆடிட்டர் ஆபீஸ் நம்பர். ராத்திரி பத்து மணிக்கு லாரி நிற்கிறது, ஓடிபி யாருடைய போனுக்கோ போகிறது. மறுநாளே பில் போடுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் நம்பரில் தனி யூசர் போட்டோம். உங்கள் கம்பெனியின் லாகின்கள் எந்த நம்பரில் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது துணியில் ஓட்டையும் ஊசிக் கோடும் கண்டுபிடிக்கிற ஏஐ கேமரா போடலாம் என்று வந்து பேசுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் எந்த லாட்டில் எத்தனை ஓட்டை, எத்தனை எண்ணெய்க் கறை என்று எங்களிடம் ஒரு பதிவும் இல்லாதபோது, கேமரா நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? அதனால் செக்கிங் டேபிளில் ஒரு போன் வைத்து, பழுது வந்தால் போட்டோவும் லாட் நம்பரும் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். ஆறு மாதம் போகட்டும், அப்புறம் ஒரே ஒரு டேபிளில் கேமராவைப் போட்டு, செக்கிங் அக்காக்கள் பிடித்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஸ்டோர் அண்ணன் வரும் தை மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருக்கு அடுத்து வரும் பையன் இப்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். எடை போடுவதற்கு முன்னால் துணி மடிப்புக்குள் கையை விட்டுப் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.