ஒரு தென்னை ஓலை நிழல்

தென்காசி பக்கம் புளியரையில் ஒரு மொட்டை மாடியில் புதுசாக 3 கிலோவாட் சோலார். சாரல் விட்டு வெயில் அடிக்கிறது. ஓரத்துப் பேனலில் மட்டும் ஒரு தென்னை ஓலையின் நிழல் ஆடுகிறது.

அது போதும், கெடுக்க.

பேனல்களைத் தொடராகக் கோத்திருப்பார்கள். ஒன்றில் மின்னோட்டம் குறைந்தால் மற்றவையும் இழுபடும். நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டயோடு கொஞ்சம் காப்பாற்றும், முழுசாக அல்ல. காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத இடம் பார்த்து, தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்த்தால் நம்ம பக்கத்துக்குச் சரி.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் என்ற வீட்டு சோலார் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. நாம் எடுக்கும், திருப்பித் தரும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரை மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே பணம் கணக்குக்கு வரும். பேனலும் அதிலுள்ள சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்றால் மானியம் கிடையாது.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விற்கிறார்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நம் மின்சாரம் லைனில் ஏறிக் கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிரை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

3 கிலோவாட் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு குறையும் என்று வைத்தால் வருடம் சுமார் 3 டன். 2070க்குள் கார்பன் வெளியீட்டை நிகர பூஜ்யமாக்கும் இந்தியாவின் இலக்குக்கு நல்ல கணக்குதான்.

ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்குப் பில்லே வராது. அந்த வீட்டுக்காரர் எதற்குக் கடன் வாங்கிப் பேனல் போடுவார்?