சொதியும் சம்பலும் 182 என்ற எண்ணும்

ஒல்லியாக இருப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் வராது என்ற நம்பிக்கை கொழும்பு வெள்ளவத்தையில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது, எனக்கு அது வந்த பிறகுதான் தெரிந்தது. செய்தி கேட்டவர்கள் எல்லோரும் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு, "இரத்தம் மாறிப்போயிருக்கும், வேறிடத்தில் எடுத்துப் பாருங்கள்" என்றார்கள். மாறிப்போகவில்லை. வயது ஐம்பத்திரண்டு, எடை ஐம்பத்தொரு கிலோ, மொத்தக் கொலஸ்ட்ரோல் 262.

அந்த மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் பெரிய பயன் இல்லை. அதற்குக் கீழே உள்ள வரிகளைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்டிஎல் 56. பெண்களுக்கு 50க்கு மேல் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைட் 120, 150க்குள் இருப்பதால் அதுவும் சரி. சிக்கல் முழுவதும் கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்டிஎல் என்ற ஒரே வரியில் இருந்தது: 182. பல ஆய்வுகூடங்களில் இந்த எண்ணை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எல்டிஎல். 262இல் 56 போக 206, அதில் 24 போக 182. அறிக்கையின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. இனிச் சந்தேகப்பட ஆய்வுகூடம் கிடைக்காது.

வைத்தியர் அவசரப்படவில்லை. சீனி உண்டா, பிரஷர் உண்டா, அப்பாவுக்கோ சகோதரர்களுக்கோ ஐம்பத்தைந்து வயதுக்கு முன்னர் மாரடைப்பு வந்ததா, அம்மாவுக்கு அறுபத்தைந்துக்கு முன்னர் வந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. தைரொயிட் சுரப்பி மந்தமாக வேலை செய்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் அதற்கும் ஒரு பரிசோதனை எழுதினார். அதுவும் சரியாகவே வந்தது. மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டபோதுதான் எனக்கு விடயம் பிடிபட்டது. ஈஸ்ட்ரஜன் சுரக்கும் காலம் வரை, இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்தெடுப்பதற்கு அது துணை நிற்கிறது. அது குறைந்ததும், ஒல்லியோ பருமனோ, பல பெண்களுக்கு எல்டிஎல் ஏறிவிடுகிறது. அதுவரை என்னைக் காப்பாற்றியது என் சாப்பாடு என்று நினைத்திருந்தேன், காப்பாற்றியது ஹோர்மோன்.

190க்கு மேல் போயிருந்தால் பரம்பரைக் காரணம் இருக்கலாம், மாத்திரையை உடனே தொடங்கியிருப்பேன் என்றார். 182 என்பதால், வேறு ஆபத்துகள் இல்லாததால், மூன்று மாதம் சாப்பாட்டில் முயன்று பார்க்கலாம் என்று சொல்லி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் எண்ணெய்ச் சாப்பாடு குறைவு, இறைச்சி மாதத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை மரக்கறி என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய்?" என்றார்.

நான்கு பேருக்கு ஒன்றரை. சில நாள் இரண்டு.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு ரோசம் வருகிறது. தேங்காயில் கொலஸ்ட்ரோல் கிடையாது, உண்மை. எந்தத் தாவரத்திலும் கிடையாது. தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று அச்சிடுபவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். உடம்பில் உள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்துகொள்கிறது. நிறைவுற்ற கொழுப்பை நிறையச் சாப்பிட்டால், எல்டிஎல்லைப் பிடித்தெடுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. அகற்றப்பட வேண்டியது இரத்தத்திலேயே சுற்றுகிறது. தேங்காய்க் கொழுப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இந்த நிறைவுற்ற வகைதான். நல்லெண்ணெயில் அது ஏறக்குறைய பதினான்கு சதவீதம்.

கேக் செய்வதற்கு வாங்கிய சிறிய தராசு வீட்டில் இருந்தது. சம்பலுக்குத் திருவிய தேங்காயில் வழக்கமாக என் தட்டுக்கு வரும் பங்கை அதில் வைத்தேன். நாற்பது கிராம். நூறு கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்றால், என் சம்பலில் மட்டும் 12 கிராம். மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இதை வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் உடம்புக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி என்று வைத்தால் அது 19 கிராம். காலை ஏழரை மணிக்கு, இடியப்பத்தின் மேல் சொதி ஊற்றுவதற்கு முன்னரே, அன்றைய கணக்கில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது.

தராசு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பாலைப் பிழிந்து கறி வைக்கும்போது சக்கையோடு கொஞ்சக் கொழுப்பாவது வெளியே போகிறது. சம்பலில் எதுவும் போவதில்லை, முழுத் தேங்காயும் வயிற்றுக்குள். நான் இதுவரை சொதியையே குற்றவாளியாக நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு இதைவிட வேடிக்கை. விரத நாள் என்பதால் மனதுக்கும் உடம்புக்கும் நல்லது என்று ஒரு நிறைவு இருக்கும். ஆனால் அன்றைய தட்டைப் பாருங்கள்: பருப்பு முதற்பாலில், கத்தரிக்காய் பொரித்துப் பாற்கறியாக, கீரை வறையில் தேங்காய்ப்பூ, பூசணிக்காயில் வறுத்த தேங்காய், மேலே அப்பளம், மிளகாய்ப் பொரியல். சாளை மீனைப் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிடும் செவ்வாய்க்கிழமை, நிறைவுற்ற கொழுப்பின் கணக்கில் இந்த மரக்கறி வெள்ளியைவிட எவ்வளவோ மேல். மரக்கறி என்பதும் இதயத்துக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல. எங்கள் சமையலில் நிச்சயமாக இல்லை.

மாமிக்கு எண்பத்தொரு வயது, பருத்தித்துறைக்காரி. "ஏன் பிள்ளை, நாங்கள் தேங்காய் தின்னாமலா வளர்ந்தோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் வளர்ந்த காலத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், தோட்டத்துக்கு நடந்தார், நெல் குத்தினார். காலையில் ஒடியல் பிட்டும் குரக்கனும். பால்மா தேநீர் மூன்று வேளையும் கிடையாது, பின்னேரம் பேக்கரி ரோல்ஸ் கிடையாது. மாமியின் ஊரையும் அந்த வேலைகளையும் விட்டுவிட்டு, தேங்காயை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இதை அவரிடம் சொல்லவில்லை. அவருடைய தட்டில் நான் கை வைக்கவுமில்லை. எண்பது தாண்டியவரின் சம்பலைப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேங்காயை அடியோடு நிறுத்தினால் இந்த வீட்டில் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்காது என்பது தெரிந்ததால், நாளொன்றுக்கு அரை என்று முடிவு செய்தேன். 2025இன் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியிருந்தது நினைவிருக்கும். வைத்தியர் சொல்லிக் கேட்காத பல வீடுகள் அன்று விலை சொல்லிக் கேட்டன.

சொதிதான் அதிகம் பாடுபடுத்தியது. கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து வைத்துப் பார்த்தால், தேசிக்காய் விட்டதும் திரிந்துவிடுகிறது. இறக்கி ஆறவிட்டுப் புளி விட்டால் திரியாது. ஆனால் அது சொதி இல்லை, வெங்காயம் போட்ட பால். கடைசியில் கைகொடுத்தது வெந்தயம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு தக்காளியோடு மூன்றாம் பாலில் நன்றாக வேகவிட்டால் குழம்பு தானாகத் தடிக்கிறது. இறக்கும்போது முதற்பால் இரண்டு மேசைக்கரண்டி. நாக்கில் முதலில் படுவது அந்த இரண்டு கரண்டிதான், மீதியை அது கவனிக்க விடுவதில்லை. மகன் இன்றுவரை வித்தியாசம் கேட்கவில்லை.

பிட்டுக்குச் சிவப்பரிசி மாவும் வறுத்துப் பொடித்த ஓட்ஸும் பாதிக்குப் பாதி. தேங்காய்ப்பூ போகும் இடத்தில் பெரும்பங்கு முருங்கையிலை. கீரைப்பிட்டு புதுக் கண்டுபிடிப்பு அல்ல, ஊரில் எப்போதும் இருந்ததுதான். சம்பலுக்கு வல்லாரையை நிறைய அரிந்து, தேங்காய்ப்பூவைத் தூவினால் போதும் என்ற அளவுக்குக் குறைத்தேன். தாளிப்புக்கு நல்லெண்ணெய்.

ஓட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் காலையில் இரண்டு கரண்டி கரைத்துக் குடித்துவிட்டுக் கொலஸ்ட்ரோல் இறங்கும் என்று காத்திருக்கிறார்கள். அதில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் கிடைத்தால்தான் எல்டிஎல் கொஞ்சம், ஏறத்தாழ ஐந்து சதவீதம், இறங்குகிறது. அந்த 3 கிராமுக்கு எழுபது கிராமுக்கு மேல் ஓட்ஸ் வேண்டும். பார்லியிலும் இது உண்டு; சோற்றோடு ஒரு பிடி பார்லியைச் சேர்த்து அவிப்பது எனக்குக் கஞ்சியைவிட லேசாக இருந்தது. வெண்டிக்காய், கௌபி, கடலை, கொய்யாப்பழம் என்று மற்ற நார்ச்சத்துக்கு வெள்ளவத்தைச் சந்தையில் பஞ்சமில்லை. கௌபியைத் தேங்காய்ப்பூ இல்லாமல், கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துச் சாப்பிடப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்காத இடம் தேநீர்க் கோப்பை. முழு ஆடைப் பால்மாவில் கால்வாசிக்கு மேல் கொழுப்பு. இரண்டு கரண்டி குவித்துப் போட்டு மூன்று வேளை குடித்தால், அதிலேயே 10 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வரை சேர்ந்துவிடும். வெறுந்தேநீருக்கு மாறினேன். தலையிடியும் சிடுசிடுப்பும் கொஞ்ச நாள் இருந்தன. வீட்டில் உள்ளவர்கள் அதை இன்னும் நினைவுபடுத்துகிறார்கள். கோப்பியிலும் ஒரு சங்கதி இருக்கிறது: தூளின் மேல் கொதிநீர் ஊற்றித் தெளியவிட்டுக் குடிக்கும் எங்கள் முறையில், கஃபெஸ்டோல் என்ற பொருள் அப்படியே கோப்பைக்கு வருகிறது. அது எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிகட்டியில் வடித்தால் பெருமளவு நின்றுவிடும்.

முட்டையை நிறுத்தவில்லை. ஒரு மஞ்சள் கருவில் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு அது இரத்த எண்ணை நிறைவுற்ற கொழுப்பு அளவுக்கு ஏற்றுவதில்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015இல் கைவிட்டது. இறாலும் அப்படித்தான், முதற்பாலில் குளிப்பாட்டாதவரை. பேக்கரிப் பக்கம் போவதைக் குறைத்தேன். பற்றிஸின் பொரிந்த தோலில் என்ன மாஜரீன், எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்று விற்பவருக்கே தெரியாது.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மரைன் டிரைவில் பின்னேரம், கிழமைக்கு நூற்றைம்பது நிமிடம் வரும்படி. அது எல்டிஎல்லை அதிகம் அசைக்காது. டிரைகிளிசரைட்டுக்கும் பிரஷருக்கும் நல்லது. கடற்காற்றுக்காகவே போகலாம்.

இடையில் வந்த ஆலோசனைகளைக் கணக்கெடுத்தால் தனிப் புத்தகமாகும். உள்ளி, இஞ்சி, தேசிக்காய், வினாகிரி, தேன் ஐந்தையும் காய்ச்சிய சாறு ஒன்று மூன்று வீடுகளிலிருந்து போத்தலில் வந்தது. ஒருவரை நோகடிக்காமல் இன்னொருவருடையதை எப்படிக் குடிப்பது என்பதே பிரச்சினையானது. உள்ளியைக் கறியில் போட்டேன். சாறுகளை அலமாரியில் வைத்தேன்.

மூன்று மாதத்தின் பின் வந்த அறிக்கை: மொத்தம் 228, எச்டிஎல் 57, டிரைகிளிசரைட் 110, எல்டிஎல் 149. பதினெட்டு சதவீதம் இறங்கியிருந்தது. 100க்குள் என்று நினைத்துப் போன எனக்கு முகம் வாடிவிட்டது. வைத்தியர் சிரித்தார். சாப்பாட்டால் இவ்வளவு வருவதே நல்ல விளைச்சல் என்றார். என் வயதுக்கும் மற்ற எண்களுக்கும் மாத்திரை இப்போது தேவையில்லை, இதையே தொடர்ந்து ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம், ஏறினால் அப்போது பேசலாம் என்றார். ஏறினால் மாத்திரை எடுப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மச்சாள். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். என் எண் இறங்கிய கதையைக் கேட்டுவிட்டு, தன் கொலஸ்ட்ரோல் மாத்திரையான அட்டோர்வஸ்டற்றினை நிறுத்தி ஓட்ஸ் பிட்டுக்கு மாறப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். அன்றே பஸ் ஏறிப் போனேன். குழாய் அடைத்தவருக்கு மாத்திரை எண்ணை இறக்க மட்டுமல்ல, உள்ளே படிந்திருப்பது வெடித்து மறுபடி அடைக்காமல் இருக்கவும்தான். அவர் பிட்டையும் சாப்பிடலாம், மாத்திரையையும் போடலாம். நிறுத்துவதானால் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றேன். கேட்டார். நிறுத்தவில்லை.

இதற்கிடையில் என் கணவரும் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார், எனக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டு. எல்டிஎல் 168. அரைத் தேங்காய்க்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமைக் கொத்து ரொட்டி பற்றி மட்டும் பேச்சுவார்த்தை தொடர்கிறது.